ஒன்றைத் தேர்ந்தெடுக்கவும்

முப்பத்தோராம் மாடியில்
தமிழ் தெரிந்தவள் நான் ஒருத்தி.
ஆகவே அந்த ஒலிப்பதிவு என்னிடம் வந்தது.
நான்கு நிமிடம் பதினோரு வினாடி.
ஒரு வரியில் சுருக்கிக் கொடு, என்றான் வெய் லியாங்,
சாப்பாட்டுக்கு முன்னால்.

எங்கள் தொழில் மழையை எண்ணுவது.
வயலை யாரும் பார்ப்பதில்லை.
செயற்கைக்கோள் ஒரு கட்டம் போடும்,
கட்டத்துக்குள் பதினேழு கிராமம்.
அக்டோபர் ஒன்று முதல் ஜனவரி பதினைந்து வரை
நூற்றெண்பது மில்லிமீட்டருக்குக் கீழே இறங்கினால்
பணம் தானாகப் போய்ச் சேரும்.
அலைச்சல் இல்லை, கையூட்டு இல்லை.
விளம்பரத்தாளில் அப்படி எழுதியது நான்தான்.
நல்ல தமிழ். ஒற்றுப்பிழைகூட இல்லை.

இந்தப் பருவம்:
நூற்றெண்பத்தொன்று புள்ளி நான்கு.

பெயர் பூமயில். கமுதிக்குத் தெற்கே
ஒன்றேகால் ஏக்கர் குண்டு மிளகாய்.
பின்னால் ஏதோ மோட்டார், ஒரு சேவல்.
'மணியொலிக்குப் பின் பேசவும்' என்ற பதிவுக்குரலும் என்னுடையதே.
அதைத்தான் அவள் ஆத்தா என்கிறாள்.

"மழை வரலைன்னு நான் சொல்லலத்தா.
வந்துச்சு.
கார்த்திக பூரா வானம் பொத்திக்கிட்டுக் கெடந்துச்சு,
கொடத்துல மோந்து ஊத்துனோம்,
செடி முக்காவாசி கருகிப் போச்சு.
மிச்சம் பூத்து நிக்கையில
பொங்கலுக்கு நாலு நா முன்ன
ரெண்டு ராத்திரி கொட்டித் தீத்துருச்சு,
வேரோட அழுகிப் போச்சு.
நீங்க ரெண்டையும் கூட்டுறீக.
கூட்டலாமாத்தா?"

கூட்டினோம்.
ஐம்பத்தெட்டும்
நூற்றிருபத்து மூன்று புள்ளி நான்கும்.

படிவத்தில் ஒரு பெட்டி. இழப்பின் காரணம்:
வறட்சி, வெள்ளம், ஒன்றைத் தேர்ந்தெடுக்கவும்.
கருகியது என்றால் கணக்கு மறுக்கிறது.
அழுகியது என்றால்
அந்தக் காப்பீட்டை அவள் வாங்கவில்லை.
ஒரே பாத்தியில் இரண்டு வினைச்சொல்.

கைபேசி அதிர்ந்தது.
புக்கிட் தீமா சாலையில் திடீர் வெள்ளம் வரக்கூடும்,
ஒரு மணி நேரம் அந்தப் பக்கம் போக வேண்டாம்.
கண்ணாடிக்கு வெளியே இன்னும் ஒரு துளிகூட இல்லை.
இந்த ஊரில் செய்தி வந்த பிறகுதான் மழை.

லாவ் பா சாட்டில் நாசி லெமாக்.
சம்பல் கொஞ்சம் கூட, என்றேன்.
இனி அதற்கு முப்பது காசு, என்றார் கடைக்காரர்,
மிளகாய் விற்கிற விலைக்கு.
கொடுத்தேன்.

மீண்டும் கேட்டபோதுதான் கவனித்தேன்,
பேசி முடித்தும் அவள் துண்டிக்கவில்லை.
கடைசி ஐம்பது வினாடி எனக்கானதல்ல.

"யாரு?"
"இன்சூரன்ஸ்காரப் புள்ள."
"என்னங்குது?"
"ஒண்ணுஞ் சொல்லல. கேட்டுக்கிட்டு இருக்கு."
வாளி வைக்கும் சத்தம்.
"பயலுக்குப் பாஸ்போட்டு என்னாச்சுன்னு
ஏஜெண்டுக்கு ஒரு போனப் போடுங்க."
சேவல்.

இரண்டையும் சேர்த்து எழுதிப் பார்த்தேன்.
சிவப்பில் வந்தது: செல்லாத உள்ளீடு.
வெய் லியாங் நல்லவன். எட்டிப் பார்த்தான்.
அடுத்த பருவத்துக்கு இன்னொரு கட்டம் சேர்க்கச் சொல்லலாம்,
என்றான், உண்மையான வருத்தத்தோடு.

அப்போது மழை பிடித்துக்கொண்டது.
கடற்கூடல் மறைந்தது, பாலம் மறைந்தது,
என் முகம் மட்டும் கண்ணாடியில்.

ஆறு மணிவரை அந்தப் பெட்டி காலி.
காலியாக விட்டால் சேமிக்காது.
சேமிக்காவிட்டால் நிலுவை.
நிலுவையில் இருக்கிறவரை
பூஜ்யம் என்று யாரும் அவளுக்கு அனுப்ப முடியாது.
பணமும் அனுப்ப முடியாது.

விளக்கை அணைத்தேன்.
திரையை அணைக்கவில்லை.