அரை மணிக்கு நூற்றெண்பது வெள்ளி

முதல் வழக்கறிஞர் அறையில் மீன்தொட்டி இருந்தது.
பீப்பள்ஸ் பார்க் சென்டர், மூன்றாம் மாடி.
ஒரு பக்கம் பயண முகவர்,
மறுபக்கம் பாதம் பிடித்துவிடும் கடை.
'விவாகரத்தா?' என்றார்.
இல்லை.
'உயிலா?'
இல்லை.
துவாஸ் கிடங்கு, பதினோரு வருஷம் என்று தொடங்கி,
ஸ்கேனரைப் பிடிக்க நான் சொல்லிக்கொடுத்த பையன்
எனக்கே மேலாளராய் வந்த இடத்துக்கு
வந்து சேர்வதற்குள்
அரை மணி முடிந்துவிட்டது.
மீன்கள் மட்டும் வாயைத் திறந்து திறந்து மூடின.

ரசீதில் செங்காங் என்று எழுதி
அடித்து,
செங்கமலம் என்று திருத்தியிருந்தார்கள்.
பெயரைக்கூட ரயில் நிலையமாக்கித்தான்
கேட்டிருக்கிறார்கள்.

இரண்டாவது, சமூக மன்றத்தில்.
இலவசம். வரிசை எண் பதினான்கு.
அடுத்த கூடத்தில் பூப்பந்து அடிக்கிறார்கள்,
டப், டப்,
ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவில்.
தொண்டூழிய வழக்கறிஞர், என் மூத்தவள் வயசிருக்கும்,
தாளின் இரு பக்கமும் எழுதினாள்.
கூட்டங்கள் சீனத்தில் நடந்தன என்றேன்.
என்ன பேசினீர்கள் என்று கேட்டால்
சிரிப்பார்கள்,
பிறகு ஆங்கிலத்தில்,
'ஒன்றும் முக்கியமில்லை ஆன்ட்டி.'
பிறகொரு நாள்
என் வேலையும் முக்கியமில்லை என்று கடிதம் வந்தது.
'சிரித்தது எழுத்தில் இருக்கிறதா?' என்று கேட்டுவிட்டு
கேட்டதற்காக அவளே தலைகுனிந்தாள்.

அன்று இரவு ஈசூன் வீட்டில்
சாப்பாட்டு மேசை முழுக்க ஆண்டு மதிப்பீடுகள்,
சம்பளச் சீட்டு, வாட்ஸாப் படங்கள்.
ரசம் ஊற்ற இடமில்லை.
தட்டை மடியில் வைத்துக்கொண்டு அருமைநாதன் சொன்னார்:
'இங்க இதுதானே வழக்கம். விட்டுடு.'
நான் அந்தச் சொல்லையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
வழக்கம்.
அதன் வாலில் ஒரு 'ம்' இருக்கிறது,
தலையாட்டும்போது வருகிற சத்தம்.
பதினோரு வருஷமாய் நான் போட்ட சத்தம்.
வழக்கு என்ற சொல்லில்
அது இல்லை.

மூன்றாவது ஆள் ஜாலான் புசாரில்,
காப்பிக்கடைக்கு மேலே, குறுகிய படி.
சியா பீ லெங்.
பெயர்ப்பலகையைப் பார்த்ததும்
திரும்பிவிடலாமா என்று நினைத்தேன்.
அதை எழுதத்தான் வேண்டும்,
நானும் ஒருத்தியைப் பெயர் பார்த்துக் கழித்தேன்,
நாலு படி.

மேசைக்கடியில் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருந்தார்.
முழுதும் கேட்டார். பிறகு சிரித்தார்,
அந்தச் சிரிப்பு வேறு.
'எனக்கும் மாண்டரின் வராது.
வீட்டில் ஹொக்கியன். பரீட்சையில் மூன்று முறை தோல்வி.
அந்தக் கூட்டத்தில் நானும் கொட்டாவிதான் விட்டிருப்பேன்.'

ஜெயிப்போம் என்று சொல்லவில்லை.
சமரசப் பேச்சிலேயே முடியலாம்,
முடியாமலும் போகலாம்,
வேலை திரும்பக் கிடைக்கும் என்று மட்டும்
கனவு காணாதீர்கள் என்றார்.
'உங்களுக்கு என்னதான் வேண்டும்?
பணமா, மன்னிப்பா?'

ரயிலில் ஒத்திகை பார்த்த பதிலெல்லாம் எங்கோ போயிற்று.
அந்தக் கூட்டங்களில்
என்ன பேசினார்கள் என்று
தெரிய வேண்டும், என்றேன்.

பேனா நின்றது.
கீழே யாரோ கோப்பி-ஓ இரண்டு என்று கத்தினார்கள்.
'கேட்கலாம்,' என்றார்.
கிடைக்கும் என்று அல்ல.
கேட்கலாம்.

ஒப்பந்தம் ஏழு பக்கம்.
வாசித்துக் காட்டச் சொன்னேன், வாசித்தார்,
கட்டணம் கூடக்கூடிய பத்தியை மட்டும் இரண்டு தடவை.
முன்பணம் மூன்று தவணையில்.
சின்னவனின் பல்கம்பி அடுத்த வருஷம்.

படியிறங்கும்போது மழை பிடித்துக்கொண்டது.
அருமைநாதனுக்குப் போன் செய்தேன்.
கையெழுத்துப் போட்டுவிட்டேன் என்றேன்.
அந்தப் பக்கம் நெடுநேரம் பேருந்துச் சத்தம்.
அப்புறம்,
'ம்.'

எந்த 'ம்' என்று
இன்னும் தெரியவில்லை.