கேட்பாஸின் ஓரத்தில்

வாழைச்சேனைத் துறைமுகம், ஐஸ் ஆலை.
இரவு வேலைக்கு மூன்று பேர்,
ஒரு ஸ்பீக்கர்,
அதில் இரண்டு கோடு சார்ஜ்.

கம்பிரசர் விடியும்வரை ஒரே சுருதியில் நிற்கும்,
ஐந்து கட்டைக்குக் கொஞ்சம் மேலே.
அதோடு ஒத்துப்போகிற இசைதான் இங்கே பிழைக்கும் என்றேன்.
"சண்டை பிடிக்கத்தானேகா இசை" என்றான் நிப்றாஸ்.
டெரிக் ரொசைரோ ஒன்றும் பேசாமல்
கையுறையைக் கழற்றிப் போனைத் துடைத்தான்.

நிப்றாஸின் ஆல்பம் நோர்வேக்காரருடையது.
ஒன்பது பாட்டு, ஐம்பத்திரண்டு நிமிடம்.
கத்தாரில் லொறி ஓட்டிய காலம்
நித்திரை வராமலிருக்க
ஒரு நேபாளி பென்டிரைவில் போட்டுக் கொடுத்தது.
பாடகர் பாடவில்லை, தொண்டையைக் கிழிக்கிறார்.
ஐம்பது கிலோக் கட்டி நொறுக்கியில் விழும்போது
எது டிரம் எது ஐஸ் என்று பிரிக்க முடியவில்லை.
"பார்த்தீங்களா, மெஷினே கூட வாசிக்குது."

ஏழு போட்டேன்.
நாலாவது பாட்டில் இரைச்சலெல்லாம் ஓய்ந்து
ஒரு கிற்றார் மட்டும்
ஆளில்லாத வீட்டுக்குள் விளக்கைத் தேடுவதுபோல நடக்கும்
அந்த நாற்பது வினாடிக்கு, ஏழு.

என்னுடையது தொண்ணூற்றாறில் செங்கலடியில் பதிந்த கசெற்.
பன்னிரண்டு பாட்டின் பெயரெழுதிக் கொடுத்தேன்.
பி பக்கத்தில் மூன்று நிமிடம் மிஞ்சியதாம்.
ரெக்கோடிங் பார்க்காரர் தன் விருப்பத்துக்கு
நான் கேட்காத ஒன்றைப் போட்டுவிட்டார்.
ஒரு பெண் பாடுவாள். மழையில்லாமலே நனைந்த குரல்.
அவன் வருவானா மாட்டானா என்று கேட்டுக் கேட்டு
'வரு' என்ற இடத்தில் டேப் தீர்ந்துவிடும்.
டக்.

கேட்காத அந்தப் பாட்டுக்காகவே
பன்னிரண்டையும் இருபது வருடம் கேட்டேன்.
மறுகா போன் வந்தது, தேடினேன், முழுதாகக் கிடைத்தது.
இரண்டாம் சரணத்தில் அவன் வந்துவிடுகிறான்,
பின்னால் நாற்பது பேர் கோரஸ்.
எனக்குப் பிடிக்கவில்லை.

"இது ஆல்பமில்ல, கடைச் சாமான் துண்டு" என்றான் நிப்றாஸ்.
இரண்டு பேரும் சேர்ந்து ஐந்து தந்தார்கள்.
சரி, ஐந்து.
ஆனால் எங்கே அந்தப் பன்னிரண்டாவது பாட்டு முடிந்தாலும்,
பஸ்ஸிலானாலும், சாவு வீட்டிலானாலும்,
என் காது எழுந்து அவளுக்கு இடம் விடுகிறது.

இனி டெரிக்.
எழுபத்தெட்டுச் சூறாவளிக்கு இரண்டு கிழமை முந்தி
டச்பாரில் அவன் தாயின் கலியாணம்.
கப்ரிஞ்ஞா, ஆறு ஆட்டம்,
வயலின், மண்டலின், யாரோ ஒருவரின் இருமல்.
அட்டையில்லை, பெயரில்லை.
"வரிசை மாறக்கூடாது" என்றான்,
"மாறினா வேற யாருடையோ கலியாணம்."

ஐந்தாம் ஆட்டத்தில் வயலின் திடீரென்று தாழ்ந்து
தள்ளாடி மேலே வருகிறது.
அது சுனாமித் தண்ணீர் குடித்த இடம்.
அவன் பிள்ளைகள் அந்த ஆட்டத்துக்கு ஆடும்போது
சரியாக அங்கே ஒருமுறை முழங்கால் மடிப்பார்களாம்.
ஆட்டத்தில் அப்படியொரு மடிப்பு இருப்பதாக
நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.
அவன் திருத்தவில்லை.

மூன்று மணிக்கு நீர்கொழும்புப் படகு வந்தது.
ஐஸ் எடுக்க வந்த பொடியனின் பாதங்கள்
ஈரத் தரையில் தாமாக அசைந்தன.
"பைலா!" என்றான்.
"பைலாட பெரியம்மா" என்றான் டெரிக்.
அது விளங்காமலே பொடியன் சுழன்றான்.
வயலின் தாழ்ந்தது,
ஸ்பீக்கர் செத்தது.
ஒரு காலைத் தூக்கியபடி அவன் நின்றான்,
கம்பிரசர் மட்டும் ஐந்து கட்டைக்குக் கொஞ்சம் மேலே.

நாற்பது கட்டி, காசு கட்டியாச்சு.
அவசரத்தில் கிழித்துக் கொடுத்துவிட்டேன்.
படகுக்காரர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.
ஓரத்தில் என் கையெழுத்து: 7, 5,
டெரிக்குக்கு ஒரு கோடு, இலக்கமில்லை.
"இது கழிவா நோனா?"
இல்லை, பாட்டு என்றேன்.

அவர் ஐந்தின்மேல் விரலை வைத்தார்.
"இது மட்டும் ஏன் குறைவு?"