தொடக்க இருப்பு

கிளை என்றுதான் பெயர் வைத்தோம்.
மரம் எங்கே என்று கேட்டான் மரியசூசை.
மாந்தலேயில் ஒன்று முளைக்கும் என்றான் பொன்னுரங்கம்.
முளைக்கவில்லை.
ஜோகோன் ரயிலடித் தேநீர்க்கடையில்
ஆடிய மேசைக்கடியில் செங்கல்லைச் சொருகிவிட்டு
மரமில்லாக் கிளையொன்றைத் தொடங்கினோம்,
ஐந்து பேர்.

சோ தூராவுக்குத் தமிழ் தெரியாது.
எங்களுக்கு நுண்கணிதம் தெரியாது.
சரிக்குச் சரி.

உறுதிமொழி ஒரே வரி:
அளக்காமல் அறுக்கமாட்டேன்.
அடுத்த வரிக்கு எவனுக்கும்
தமிழும் ஓடவில்லை, பர்மியமும் ஓடவில்லை.
சின்னம், பட்டறைத் தரையில் பொறுக்கிய அறுகோண நட்டு,
சணல் நூலில் கோத்துச் சட்டைக்குள்ளே.
வெயில் காலத்தில் நெஞ்சில் துரு வட்டம் விழும்.
குழாயடியில் சட்டையைக் கழற்றினால் தெரிந்துவிடும்
யார் யார் நம்மவன் என்று.

நான் பொருளாளர்.
மாதச் சந்தா ஐந்து கியாட்.
ஒரு தியோடலைட் வாங்குவதாய் இருந்தோம்.
கல்லூரியில் இருந்த ஒன்றின் முன்னால்
அறுபது பேர் ஒற்றைக் கண்ணை மூடி வரிசையில் நின்றார்கள்.
பிஸ்கட் டின் நிறையப் பொடி நோட்டு.
பொடியாய் இருந்தால் கை நீளும் என்று
எல்லாவற்றையும் எழுபத்தைந்தாக மாற்றி வைத்தேன்.
பதினைந்து நோட்டு, மொடமொடவென்று.
என் யோசனைதான். கைதட்டினார்கள்.

எண்பத்தேழு, செப்டம்பர் ஐந்து, சனிக்கிழமை.
ரேடியோ சொன்னது:
இருபத்தைந்து செல்லாது.
முப்பத்தைந்து செல்லாது.
எழுபத்தைந்து செல்லாது.

பத்து செல்லும். ஐந்து செல்லும்.
அதே ஐந்துகள், நான் மாற்றிய ஐந்துகள்,
ஏதோ ஒரு வெற்றிலைக் கடைக் கல்லாவில் அன்றைக்கும் செல்லுபடி.

அன்று கல்லூரிப் பக்கம் கண்ணாடி உடைந்தது.
அடுத்த வருஷத்தை இங்கே எழுதவில்லை.
செய்யது ஊருக்குப் போனதாகக் கூட்டக் குறிப்பேட்டில் இருக்கிறது,
எந்த ஊர் என்று இல்லை.
கடைசிப் பக்கம்:
கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது. தேதி பின்னர்.
கீழே என் கையெழுத்து.

பின்னர் என்பது இருபத்தைந்து வருஷம்.

சான்சாங்கில் ஒரு லிஃப்ட் குழிக்குள்
இடுப்பளவு மழைத்தண்ணீரில் நான் நிற்கும்போது போன் வந்தது.
வள்ளிமயில், சிவில், இரண்டாம் ஆண்டு.
லிஃப்ட் கதவில் ஒட்டிய ஸ்டிக்கரில் நம்பர் எடுத்தாளாம்.
கல்லூரி மறுபடி திறந்தாயிற்று, தெரியுமா?
உங்கள் விதிப்புத்தகம் நூலகத்தில் கிடைத்தது.
கிளையைக் கலைக்க மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வேண்டும், விதி ஏழு.
நீங்கள் ஓட்டே எடுக்கவில்லை.

அதனால்?

அதனால் அது கலையவில்லை.
அதனால் உங்களுக்குச் சந்தா பாக்கி,
முந்நூறு மாதம், ஆயிரத்தைந்நூறு கியாட்.

குழிக்குள் நின்று சிரித்தேன்,
மேலே நின்ற வாட்ச்மேன் பயந்துபோய் எட்டிப் பார்த்தான்.
ஆயிரத்தைந்நூறு, இன்றைய விலைக்கு
ஐந்து கோப்பைத் தேநீர்.

டின்னைத் தூக்கிக்கொண்டு போனேன்.
ஒன்பது பேர், அதில் நான்கு பெண்கள்.
உறுதிமொழியில் இரண்டாம் வரி சேர்த்திருந்தார்கள்,
அளக்காததை அளந்தேன் என்று சொல்லமாட்டேன்.
எங்கள் ஐவருக்கு வராதது
இவர்களுக்கு ஒரு மத்தியானத்தில் வந்திருக்கிறது.
கொஞ்சம் எரிச்சலாகத்தான் இருந்தது.

சா எடோ, புதுப் பொருளாளன், கரேன் பையன்,
நோட்டுகளை இரண்டு தடவை எண்ணினான்.
எதற்கப்பா, தூக்கிப் போடு என்றேன்.
பேனாவைத் திறந்து எழுதினான்:
தொடக்க இருப்பு, ஆயிரத்து நூற்று இருபத்தைந்து, செல்லாது.
வரவு, சந்தா பாக்கி, ஆயிரத்தைந்நூறு, செல்லும்.

டின்னின் அடியில் ஒரு நட்டு ஒட்டியிருந்தது.
சூசையுடையது.
எப்போது அதைக் கழற்றிக் கொடுத்தான் என்று அவர்கள் கேட்கவில்லை,
நானும் சொல்லவில்லை.
சா எடோ அதை வெர்னியர் தாடைக்குள் வைத்து
வெளிச்சத்துக்குத் திருப்பினான்.
பத்தொன்பது புள்ளி நான்கு.
பத்தொன்பதுதான் இருக்கணும் என்றேன்.
மீதி துரு, சார் என்றான்.
அதையும் எழுதிக்கொண்டான்.