உருட்டினால்தான் பிடிக்கும்

பீல் மயானத்துத் தள்ளுவண்டிலுக்கு
ஒரே சில்லு.
காலையில் கல்லுப்போல் இருக்கும்,
பத்து மணித் தேநீருக்குள்
நமுத்த அப்பளம்.
தண்ணீர் வாளியில் அமுக்கிப் பார்த்தேன்:
ஒரு குமிழிகூட வரவில்லை,
காற்று மட்டும் போய்க்கொண்டே இருந்தது.

ரேட்டோ ஒரு போத்தல் கொண்டுவந்தான்.
பச்சைக் கூழ், நார் நாராய் மிதக்கிறது.
மூன்று மொழியில் எழுதியிருந்ததில்
ஒன்றரை மொழி எனக்கு விளங்கும்.
வால்வின் ஊசியைக் கழற்று, ஊற்று,
காற்றடி, உடனே உருட்டு.
ஓட்டை எங்கே என்று
போத்தல் கேட்கவில்லை.
இந்த நாட்டில் என்னிடம்
எங்கே, எந்தத் திகதி, யார் யார் என்று கேட்காத
முதல் சாமான் அதுதான்.

கால்சட்டையில் பாதி, ரயரில் பாதி.
பிறகு வெறும் வண்டிலைத் தள்ளிக்கொண்டு
கல்லறை வரிசைகளைச் சுற்றினேன்,
சாமி இல்லாத தேர்.

பூவாளியோடு நின்ற எஷ்லிமான் அம்மா
உள்ளே எட்டிப் பார்த்தார்.
"ஒன்றுமே இல்லையே?"
"சில்லுக்கு மருந்து விட்டிருக்கிறேன்.
நடந்தால்தான் பிடிக்குமாம்."
"என் முழங்காலுக்கும் அதையேதான் சொன்னார்கள்"
என்று பூவாளியை வண்டிலில் வைத்துவிட்டுக்
கூடவே வந்தார்.
அவர் கணவரின் கல்லை இரண்டு தரம் கடந்தோம்.
இரண்டாம் தரம் கையசைத்தார்.

மூன்றாம் சுற்றில்
ரயரின் விளிம்போரம் ஒரு பச்சைத் துளி
எழுந்தது, நுரைத்தது,
அப்படியே நின்றது.
இங்கேயா, இவ்வளவு நாளும்?

துடைக்கப் போன என் விரலைத்
தட்டிவிட்டார்.
"தொடாதீர்கள். காயட்டும்."