வடக்கு எல்லை: கடல்

தொண்ணூறாம் ஆண்டு மலருக்கு
இரண்டு பக்கம் சங்க வரலாறு வேண்டுமாம்.
"நல்லதாய் எழுது பிள்ளை, படம் நாலு வரும்"
என்றார் மனேச்சர்.
ஈட்டுப் பேரேட்டில் இருபத்தாறு வருடம் குனிந்தவள்.
எனக்குத் தெரிந்தது
நான்கு எல்லை, ஒரு தொகை, ஒரு திகதி.

ஆயிரத்துத் தொளாயிரத்து இருபத்தெட்டு.
திருவிதாங்கூருக்குப் போன புகையிலை
விலைபடாமல் கிடந்த வருடம்.
கே.கே.எஸ். வீதி, சோடாக் கொம்பனி மேல்மாடி.
பதினொரு பேர் பாயில் இருந்து
நூற்றுக்கு ஒன்பது வட்டி என்று தீர்மானித்தார்கள்.
வெளியில் பதினெட்டு.
முதல் கடன் இருநூற்றைம்பது ரூபா,
நவாலிப் பனங்காணி ஆறு பரப்பு.
வாங்கிய கதிரித்தம்பி
ஈடு வைத்த அதே காணியை
மகளின் சீதன உறுதியிலும் எழுதிக் கொடுத்தார்.
மருமகன் போட்டதுதான்
சங்கத்தின் முதல் வழக்கு.
இது மலரில் வராது.

இன்னொன்றும் வராது.
யாருக்குக் கடன் இல்லை என்று
எந்தக் கூட்டக் குறிப்பிலும் ஒரு வரி இல்லை.
முதல் முப்பது வருடப் பெயர்களை
விரலால் தடவிக்கொண்டு போனால் தெரியும்
எந்தெந்த ஒழுங்கைகள்
அந்தப் படி ஏறவில்லை என்று.
மை தொடாமல் எழுதிய விதி.

இரும்புப் பெட்டி கொழும்பிலிருந்து ரயிலில் வந்தது,
இறக்க எட்டுப் பேர்.
தொண்ணூற்றைந்து ஐப்பசியில்
அதைத் தூக்க ஒருவரும் இல்லை.
சிறாப்பர் நாகநாதி
உறுதிகளைப் பால்மா டின்களில் அடைத்து
சைக்கிளில் கட்டிக்கொண்டு
நாவற்குழிப் பாலத்தில் ஓர் இரவு முழுக்க
மழையில், சனத்தோடு சனமாய் நின்றார்.
எத்தனை ஊர்க் காணி அவர் கரியரில்.
பக்கத்தில் ஒருத்தி
கைக்குழந்தைக்குப் பால்மா கேட்டிருக்கிறாள்.
டின்னைத் திறந்து காட்டியிருக்கிறார்.
அதை மட்டும் அவர்
இரண்டாம் தடவை சொன்னதில்லை.

மதலேனம்மா, மயிலிட்டி.
எண்பத்தெட்டில், வள்ளத்துக்கு எஞ்சின் வாங்க
நாற்பதாயிரம்.
சீதன வீடு அவளுடையது.
ஆனாலும் புருசன் ஒப்பம் வேண்டும் என்றது தேசவழமை,
வைத்தான்.
தொண்ணூறு ஆனியில் உடுத்த உடுப்போடு ஓடினார்கள்.
ஊரைச் சுற்றி முள்ளுக்கம்பி விழுந்தது.
எஞ்சினும் போயிற்று, ஒப்பம் வைத்தவனும் போனான்.
மல்லாகம் முகாமிலிருந்து
மாதம் ஒருநாள் வருவாள், வட்டி கட்ட.

நான் வேலைக்குப் புதிது.
"இந்த நிலமையிலை வட்டி நிப்பாட்டலாம் அம்மா,
கடிதம் ஒண்டு தாங்கோ" என்றேன்.
"நிப்பாட்டினா நீ துண்டு தருவியே?"
"உறுதி இஞ்சை பத்திரமாத்தானே கிடக்கு."
"உறுதி பழசு பிள்ளை.
துண்டு இந்த மாசத்து.
இந்த மாசமும் என்ரை வீடு மயிலிட்டியிலை இருக்கெண்டு
அதிலைதானே எழுதிக்கிடக்கு."

அந்தத் துண்டில்
ஈட்டு இலக்கத்துக்குக் கீழே
காணியின் பெயர் எழுதுவது வழக்கம்.
அன்றைக்குக் கொஞ்சம் பெரிதாய் எழுதினேன்.

இருபத்தேழு வருடம்.
காணி விட்ட கிழமை
நாடாவும் உறுதிப் பிரதியும் கொண்டு அவளோடு போனேன்.
கல்வீடு: இல்லை.
கிணறு: மண் நிரப்பிக் கிடந்தது.
கிழக்கு எல்லை அந்தோனிப்பிள்ளை வளவு: பற்றை.
தெற்கு வண்டில் பாதை: தார் போட்டிருந்தது,
யாருக்காகவோ.
மேற்கு: எதை மேற்கு என்பது?
வடக்கு எல்லை: கடல்.
அதற்கு நேரே மட்டும் "சரி" என்று குறித்தேன்.
அவள் நாயுருவிக்குள் நடந்துபோய் ஓரிடத்தில் நின்று
"இது குசினி" என்றாள்.
நாடாவின் மறுநுனியை அவளிடமே கொடுத்தேன்.

பிறகு முதலையும் கட்டினாள், கொஞ்சம் கொஞ்சமாய்.
இப்போது நிலுவை ஐம்பது ரூபா.
அதைக் கட்டமாட்டாள்.
மாதம் ஒருநாள் வந்து
ஐம்பது சதமோ என்னவோ வட்டி வைத்துவிட்டுத்
துண்டு வாங்கிக்கொண்டு போகிறாள்.

கணக்காய்வாளர் இரண்டு முறை கேட்டுவிட்டார்,
இது ஏன் இன்னும் மூடப்படவில்லை என்று.
கவனிக்கவில்லை ஐயா, என்றேன்.