காந்தம் ஒட்டாதது

கோசலாதேவி உடைந்த வாட்டர் பம்பைத்
தராசடியில் இறக்கிவிட்டுப் போனை நீட்டினாள்.
"இந்தாளைப் பார், ஜெஸீமா. உங்கட ஆளாமே.
வெள்ளிக்கிழமையில கதவைப் பூட்டிப்போட்டுத்
தொழுறாராம்."

படத்தில் வேட்பாளர். தலையில் தொப்பி.
தொப்பியின் நிழல் ஒரு பக்கம் விழுந்திருந்தது,
மூக்கின் நிழல் மறுபக்கம்.

முள்ளியவளையில் பத்து வருடமாய்ப்
பழைய இரும்பு வாங்குகிறேன்.
முலாம் பூசிய தகரத்தைப் பித்தளை என்று
சத்தியம் பண்ணுகிறவர்களைத் தெரியும்.
அரத்தால் ஒரு கீறல்,
மடியில் கிடக்கும் காந்தம்,
அவ்வளவுதான்.
போனுக்குள் வருவதை எதால் கீறுவது?

இரவு புத்தளத்திலிருந்து மச்சான் கியாஸ்தீன்
அதே படத்தை அனுப்பியிருந்தார்.
கீழே வேறு எழுத்து:
"மறைவாக ஈமான் கொண்டவர்.
துஆச் செய்யுங்கள். பத்துப் பேருக்கு அனுப்புங்கள்."
கோசலாவின் போனில் குற்றமாயிருந்த பொய்
என் போனுக்கு வரும்போது
நன்மையாகியிருந்தது.
நான் அனுப்பவில்லை.
அழிக்கவுமில்லை.
பிள்ளைகள் உறங்கியபின்
இன்னொரு தடவை எடுத்துப் பார்த்தேன்,
அதையும் சொல்லத்தான் வேண்டும்.

வவுனியாக் கூட்டத்தில் அவர் பதில் சொன்னார்.
மணிக்கட்டை உயர்த்திப் பிரித் நூலைக் காட்டினாராம்.
"என்னில் அந்த இரத்தம் ஒரு சொட்டும் இல்லை,
என் தாய் மேல் ஆணை."
மொழிபெயர்த்தவர் சொட்டு என்ற இடத்தில்
குரலைக் கொஞ்சம் உயர்த்தினார்.
கைதட்டல் அடங்க வெகுநேரம் பிடித்தது.
ரேடியோவை நான் அணைக்கவில்லை.
செம்புக் கம்பியின் தோலை உரித்துக்கொண்டே இருந்தேன்.
சட்டையில் ஏறிய எறும்பைத் தட்டிவிடுவார்களே,
அப்படி இருந்தது.

மற்றவரா?
நோட்டீஸ் அடித்தது யாரென்று ஊருக்கே தெரியும்.
அவர் வந்தால் வீதி வருமாம், தண்ணீர்த் தாங்கி வருமாம்.
வரும், வரலாம்.
கொரோனாவில் மௌத்தான என் சாச்சாவை
அடக்கக் கேட்டு ஆஸ்பத்திரி வாசலில் நின்றோம்.
சாம்பல் தருவோம் என்றார்கள்.
வாங்காமல் திரும்பினோம்.
அந்த மாதங்களில் மற்றவர் வாயே திறக்கவில்லை.
நூல் கட்டியவர் ஒரு நாள்,
ஒரே ஒரு நாள்,
"இது சரியா?" என்று கேட்டார்.
பிறகு அவரும் பேசவில்லை.
அந்த ஒரு கேள்விக்குத்தான்
இந்தத் தொப்பி.

காசு வாங்க வந்த கோசலாவிடம் சொன்னேன்,
"அவர் எங்கட ஆள் இல்லையாம்."
"இருந்தாத்தான் என்ன?
பம்புக்கு எவ்வளவு தருவாய்?
போன முறை மாதிரி ஏமாத்தாத."

மேடை மேடையாய் நான் காத்திருந்த சொல்
இரும்பு விலைக்கு நடுவே வந்து விழுந்தது.
அவள் கவனிக்கவில்லை.
'சோனியின்ர தராசு' என்று சந்தையில்
இதே வாயால் அவள் சொன்னதும் எனக்குத் தெரியும்.

தேர்தலன்று விடிய என் கணவர் பஸ் ஏறினார்,
அவர் பெயர் இன்னும் புத்தளத்து இடாப்பில்.
என் பெயர் இங்கே,
ஆறு வயதில் ஒரு பையோடு
வெளியே அனுப்பப்பட்ட இந்த ஊரில்.

மூன்றாம் வகுப்பறை. சுவரில் வாய்ப்பாடு.
முழங்கைவரை நீண்ட வாக்குச் சீட்டு.
அவருக்கு நான் கொடுக்க நினைத்தது
ஒரு இரண்டுதான்.
ஒன்று இல்லாத இரண்டு செல்லாது.
ஒன்றைக் கொடுக்க வேறு ஒருவரும் இல்லை.
பென்சிலைப் பிடித்தபடி எவ்வளவு நேரம் நின்றேனோ,
வாசலில் யாரோ இருமினார்கள்.
ஒன்றையே போட்டேன்.

எண்ணும்போது அது மற்றச் சீட்டுகளோடு கிடக்கும்.
எது நூல் கட்டிய கை போட்டது,
எது முக்காடு போட்ட தலை யோசித்தது,
பிரித்தெடுக்க
அவரிடம் காந்தம் இல்லை.

மை காயுமுன் கடையைத் திறந்தேன்.
கோசலாவின் பம்புக்குள் பித்தளைச் சக்கரம் ஒன்று இருந்தது,
இரும்பென்றே நிறுத்திருந்தேன்.
இருநூற்றைம்பது ரூபாய் அவளுக்குக் கொடுக்கவேண்டும்.