வெறும் எடை

பாகாவ் ஆலை வாசலில்
எடைப்பாலம் என் வேலை.
குலையோடு லோரி வரும்போது ஓர் எண்,
கொட்டிவிட்டுத் திரும்பும்போது ஓர் எண்.
பின்னதற்கு வெறும் எடை என்று பெயர்.
பதினேழு வருடமாக
கழித்தல் கணக்குத்தான்.

கல்யாணம் முப்பத்தாறில்.
தம்பிகள் இருவரையும் கரையேற்றி
அம்மாவின் டயாலிசிஸ் முடிந்த வருடம்
(முடிந்தது என்றால், அம்மாவோடு முடிந்தது)
அர்ச்சுணன் பெண் கேட்டு வந்தார்.
நாற்பத்தொன்று. தலையில் புது மை.
கையில் ஒரு டின் பிஸ்கட்,
ஏன் பிஸ்கட் என்று இன்றும் தெரியாது.

அப்புறம் நாள் எண்ணினேன்.
உரக்கம்பெனி கொடுத்த காலண்டர்,
மாதத்துக்கு ஒரு மூட்டைப் படம்.
யூரியாவின் மேல் சிவப்பு வட்டம்,
பொட்டாஷின் மேல் சிவப்பு வட்டம்.
மூன்று வருடம் மூட்டை மாறியது.

விசேஷம் ஏதும் உண்டா என்பார்கள்
பாசார் மாலாமில், கடலை வறுபடும் புகைக்கு நடுவே.
தீபாவளிக்கும் அதே சொல்,
இதற்கும் அதே சொல்.
ஒன்றாவது தேதி தவறாமல் வருகிறது.

கோயில் மரத்தில் தொட்டில் கட்டச் சொன்னாள்
கேண்டீன் கோமளா.
கட்டினேன். பொய் சொல்லக் கூடாது,
மூன்று முறை கட்டினேன்.

இருபத்தைந்து வயதான செம்பனையை
எக்ஸ்கவேட்டர் வந்து சாய்க்கும்.
காய்க்கவில்லை என்றா?
குலை உயரத்துக்குப் போய்விட்டது,
அறுப்பவனின் கம்பு எட்டவில்லை.
சாய்ந்த பிறகும் உச்சியில்
பழுக்காத குலை ஒன்று இருக்கும்.
நான் பார்த்திருக்கிறேன்.

பிரஷர் பார்க்கப் போன கிளினிக்கில்
மிஸ்ஸி ரொஹானி மலாயில் கேட்டார்:
பிள்ளை வேண்டாமா, வரவில்லையா?
இரண்டும் வேறு வேறு என்று
அதுவரை யாரும் கேட்டதில்லை.

முப்பத்தைந்து தாண்டினால் ஆறு மாதம் போதும்,
அதற்குமேல் காத்திருக்கக் கூடாது என்றார்.
நாற்பதை நெருங்கினால் அதுவும் வேண்டாம்.
என் அட்டையில் வயதைப் பார்த்தார்.
திட்டவில்லை.
திட்டியிருந்தால் அழாமல் இருந்திருப்பேன்.
மூக்குச் சிந்த டிஷ்யூ தந்துவிட்டு
உன் வீட்டுக்காரரும் வரணும், பாதி அவர் கணக்கு என்றார்.

வீட்டில் சொன்னேன்.
மூன்று நாள் பேச்சில்லை.
லோரியைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார்.
நாலாம் நாள் கதவோரம் நின்று,
எந்தச் சட்டை போட்டுக்கிட்டு வரணும்?

ஒரு மணி நேரத்துக்குள் கொடுக்கணுமாம்,
உடம்புச் சூடு குறையாமல்.
கோலா பிலா ரோட்டில் பழைய சாகா,
ஏர்கோன் அடைத்த காரில் வேர்க்க வேர்க்க
குட்டிப் போத்தலை ரவிக்கைக்குள் வைத்திருந்தேன்.
பால்மரக்காட்டு வளைவில்
ரோட்டை மறித்து மாடுகள்.
ஹாரனைத் தொடாத மனிதர்
அன்றைக்கு அடித்த அடியில்
கன்றுக்குட்டி மட்டும் திரும்பிப் பார்த்தது.
எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கும்.
சிரிக்காதே, குலுங்கும் என்றார்.
அதற்கும் சிரித்தோம்.

முடிவு இன்னும் வரவில்லை.
வந்தாலும் என்னவாக வரும் தெரியாது.
எனக்கு ரத்தம் எடுக்கணும்,
தூரமான இரண்டாம் நாளில்.
வந்துட்டா அழாதே, போன் பண்ணு என்றார் மிஸ்ஸி.
ஒவ்வொரு மாதமும் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு
நான் தோற்ற அந்த நாளுக்கு
இப்போது ஒரு வேலை இருக்கிறது.
வட்டம் போடவில்லை.
நம்பரை எழுதி வைத்திருக்கிறேன், பொட்டாஷ் மூட்டையின் மேலேயே.

இன்று பதினொன்று இருபதுக்கு
அவர் லோரி கொட்டிவிட்டுத் திரும்பியது.
பாலத்தில் ஏறி நின்றது.
வெறும் எடை எழுதினேன்.
ஓட்டுநர் உள்ளேதான் இருந்தார்,
கண்ணாடியை இறக்கி
வந்திருச்சா என்று
வாயை மட்டும் அசைத்தார்.

இன்னும் இல்லை என்று
தலையை ஆட்டினேன்.
பின்னால் அடுத்த லோரி ஹாரன் அடித்தது.